மழைக்கு விழும் இ.எல்.சி.பி.யும் இரண்டு தலை வயரும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலம், சிகாமட் மாவட்டத்துத் தோட்ட நகரம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்கிறார். கடிதம் நீளமானது, சாரத்தைத் தருகிறேன்.

கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு இரவே திரும்பிவிடுவார். மற்ற நாட்களில் வீட்டில் இருப்பது இவரும், படிக்கும் பிள்ளைகள் இருவரும், இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியாரும். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற மாமனார் வாங்கிப்போட்ட பழைய வீடு. பாதி கல், பாதி பலகை, மேலே தகரம், பின்னால் இழுத்துக் கட்டிய குசினி. 2011-இல் இடுப்பளவும் 2023 மார்ச்சில் முழங்காலளவும் தண்ணீர் ஏறியது. இந்த ஏப்ரலில் அடித்த காற்றில் குசினித் தகரம் இரண்டு பறந்து, பக்கத்து வீட்டு மரத்தில் சிக்கிக்கொண்டன.

அக்காள் மகன், ஃபுளோரிடாவில் ஹரிக்கேனுக்கு வீட்டைத் தயார்ப்படுத்துவது எப்படி என்ற வீடியோவை அனுப்பியிருக்கிறார். அதோடு நிற்காமல் பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றையும் வாங்கி வந்து, இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒரு வயரைச் செய்து கொடுத்து, "சித்தி, இதைக் குசினிச் சாக்கெட்டில் சொருகினால் வீடு முழுக்க லைட் எரியும்" என்றிருக்கிறார்.

வாசகியின் கேள்விகள் இவை. ஹரிக்கேன் வராத நாட்டில் அந்த வீடியோவைப் பின்பற்ற வேண்டுமா? மழை வந்தாலே விழுந்துகொண்டிருந்த இ.எல்.சி.பி.யை (கரண்டு கசிந்தால் துண்டிக்கும் கருவி) ஊர் வயர்மேன் 'டைரக்ட்' செய்துவிட்டார், இப்போது தொல்லை இல்லை, அப்படியே விடலாமா? ஜெனரேட்டர் நனையாமல் இருக்கக் குசினியில் வைத்து ஓட்டலாமா? வெள்ளம் வடிந்து எத்தனை நாள் கழித்துக் கரண்டைத் திறக்கலாம்? பழுதான சாமான்களுக்கு, கரண்டு கொடுக்கும் டி.என்.பி. பணம் தருமா? தோட்டத்து லயத்தில் இருக்கும் கொழுந்தனாரிடம் நிர்வாகம் "வயரிங் உங்கள் பொறுப்பு" என்கிறதாம், அது சரியா? கையில் 1,500 ரிங்கிட் இருக்கிறது, நவம்பருக்குள் எதை முதலில் செய்வது?

அன்புச் சகோதரிக்கு,

காற்றைப் பற்றியும் வெள்ளத்தைப் பற்றியும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் திக்கென்றது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரிகளில்தான்: 'டைரக்ட்' செய்த இ.எல்.சி.பி., இரண்டு தலை வயர். காற்று தகரத்தைக் கொண்டுபோகும், வெள்ளம் சாமான்களைக் கெடுக்கும். இந்த இரண்டும் ஆளைக் கொண்டுபோகும். மேற்கொண்டு படிக்குமுன் எழுந்துபோய் அந்த வயரைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் வீடியோ. ஹரிக்கேன், டைஃபூன், சைக்ளோன் எல்லாம் ஒரே வகைப் புயல், கடலுக்குக் கடல் பெயர்தான் மாறுகிறது. சுழன்று வீசும் காற்று மணிக்கு 119 கிலோமீட்டரைத் தொட்டால் அமெரிக்காவில் அதை ஹரிக்கேன் என்பார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் காற்றைச் சுழல வைக்கும் விசை மிகக் குறைவு, அதனால் நம் பக்கம் இப்படிப்பட்ட புயல் அரிது. ஆனால் வரவே வராது என்று எண்ண வேண்டாம். 2001 டிசம்பர் 27-ஆம் தேதி வாமேய் என்ற வெப்பமண்டலப் புயல் கரையேறியது உங்கள் ஜொகூரின் தென்கிழக்கில்தான். இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு அன்றாட எதிரிகள் வேறு: பருவம் மாறும் மாதங்களில் சாயங்காலம் இடியோடு அடித்து அரை மணியில் ஓய்ந்துவிடும் காற்று, நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை கொண்டுவரும் வெள்ளம்.

ஆகவே ஜன்னலுக்குப் பலகை அடிக்க வேண்டாம். குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்வதை நம் வீடுகளில் ஏற்கெனவே செய்கிறோம், உங்கள் குளியலறைச் சிமெண்டுத் தொட்டி அதுதான். குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கில் மூன்று நாளைக்குத் தனியாக மூடி வையுங்கள். மேலே இருக்கும் தண்ணீர்த் தாங்கி நிரம்பியிருக்கட்டும். காலித் தாங்கி காற்றில் உருளும், நிரம்பியது அசையாது. கேஸ் மீட்டரை மூடுவது பற்றி அதில் வருவது குழாய் வழியாகக் கேஸ் வரும் வீடுகளுக்கு. நமக்குத் தோம்பு (சிலிண்டர்), அதன் கணக்கே வேறு. கரண்டு விஷயத்தில்தான் அவர்கள் சொல்வது நமக்கும் அப்படியே பொருந்தும்.

'டைரக்ட்' செய்வது என்றால் என்ன

இ.எல்.சி.பி. என்று நாம் இன்னும் பழைய பெயரில் கூப்பிடும் பொருள் இன்று ஆர்.சி.சி.பி. அதன் வேலை ஒன்றே ஒன்று. லைவ் வயரில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் குறைந்து திரும்பினால், குறைந்தது எங்கோ கசிகிறது என்று பொருள்: ஈரச் சுவர் வழியாகவோ, வாஷிங் மெஷின் உடம்பு வழியாகவோ, ஓர் ஆளின் உடம்பு வழியாகவோ. கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் சிறு சுவிட்சான எம்.சி.பி. இந்த வேலையைச் செய்யாது. 20 ஆம்பியர் எம்.சி.பி. வயர் சூடாகாமல் பார்த்துக்கொள்ள வைத்தது. மனித இதயத்தை நிறுத்த அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம், எம்.சி.பி.க்கு அது தெரியவும் தெரியாது.

மழை பெய்தால் இ.எல்.சி.பி. விழுகிறது என்றால் அது கெட்டுவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்பதே அர்த்தம். மழையில் எங்கோ கசிகிறது, அது சொல்கிறது, நீங்கள் வாயை அடைத்துவிட்டீர்கள். வெள்ளத்தில் முழங்கால் நனைய நிற்கப்போகும் வீட்டில் இருந்த ஒரே காவலும் போய்விட்டது.

உங்கள் வயர்மேன் எப்படி 'டைரக்ட்' செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு வழி உண்டு. உள்ளே வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் நேராகச் சேர்த்துவிடுவது ஒன்று. மற்றது, எர்த் வயரைக் கழற்றிவிடுவது, இதுவும் மோசம். எர்த் இல்லாவிட்டால் கசியும் கரண்டுக்குப் போக வழி இல்லை, இ.எல்.சி.பி.யும் விழாது, எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தெரியும். வாஷிங் மெஷினின் தகர உடம்பில் 230 வோல்ட் காத்திருக்கும், ஈரத் தரையில் நின்று யாராவது தொடும்வரை.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். பகலில், காய்ந்த தரையில், செருப்பு போட்டு நின்று இ.எல்.சி.பி.யில் 'T' என்று போட்ட பொத்தானை அழுத்துங்கள். நெம்புகோல் கீழே விழுந்து வீடு முழுதும் அணைந்தால் நல்லது. நெம்புகோல் விழுந்தும் லைட் எரிந்துகொண்டே இருந்தால் வயரைச் சேர்த்துவிட்டிருக்கிறார். அழுத்தியும் ஒன்றும் நடக்காவிட்டால் அந்தக் கருவி செத்தது அல்லது இணைப்பில் இல்லை. ஒன்று கவனியுங்கள்: இந்தப் பொத்தான் எர்த் இருக்கிறதா என்று காட்டாது. எர்த் கழன்ற வீட்டிலும் பொத்தான் அழகாக வேலை செய்யும். அதை மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல. வயர்மேன் வந்து இ.எல்.சி.பி.யை முறையாக இணைத்தபின், மழை பெய்து அது விழும் ஒரு நாளில் இப்படிப் பாருங்கள்:

1. எல்லா எம்.சி.பி.யையும் கீழே இறக்குங்கள். இ.எல்.சி.பி.யை மேலே ஏற்றுங்கள். நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றியதும் விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு.

2. அந்த லைனில் உள்ள எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும். இப்போது நின்றால் சாமான் ஒன்றில் கசிவு. ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

3. எல்லா எம்.சி.பி.யும் கீழே இருக்கும்போதே இ.எல்.சி.பி. விழுந்தால் குழம்பாதீர்கள். நம் வீட்டு எம்.சி.பி. லைவை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் வயர் எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் எம்.சி.பி.யை இறக்கியும் பயனில்லை. இதை வயர்மேன், வயரின் கசிவை அளக்கும் 500 வோல்ட் மெகர் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 1 மெகஓமுக்குக் கீழே காட்டும் லைனை மறுபடி இணைக்கக் கூடாது.

உங்களுடையது போன்ற வீடுகளில் குற்றவாளி பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்: கேட் விளக்கு, வெளிச்சுவரில் மாட்டிய சாதாரணச் சாக்கெட், தண்ணீர் பம்பு, கூரைக்கடியில் எலி கடித்த வயர், இழுத்துக் கட்டிய குசினிக்குச் சேர்த்துச் சுற்றிய டேப் ஜாயிண்ட். தகரம் பறந்தது குசினியில் என்கிறீர்கள். நான் முதலில் அங்கேதான் தேடுவேன்.

புதிதாக மாட்டும்போது ஒன்றே போதும் என்று விட்டுவிடாதீர்கள். சாக்கெட்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர், விளக்குகளுக்கும் ஃபேனுக்கும் 100, வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதற்குத் தனியாக 10. பழைய வீடுகளில் 100 மில்லி ஆம்பியர் ஒன்று மட்டும் இருக்கும். அது தீப்பிடிக்காமல் காக்கும், ஆளைக் காக்கும் என்று நம்ப முடியாது. பிரித்து வைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு, குசினி நனைந்து விழுந்தாலும் விளக்கு எரியும். வேலையை சுருஹான்ஜாயா தெனாகாவில் (அரசின் எரிசக்தி ஆணையம்) பதிந்த மின் குத்தகையாளரிடமே கொடுங்கள். வயரிங்கை மாற்றினால் பொராங் ஜி, பொராங் எச் என்ற பாரங்கள் இரண்டையும் கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள். முதலாவது வேலையை மேற்பார்த்து முடித்ததற்கு, இரண்டாவது சோதித்ததற்கு. தரத் தயங்குகிறவர் 'டைரக்ட்' செய்யத் தயங்காதவராக இருப்பார்.

தகரக் கூரையும் டி.என்.பி. லைனும்

கூரையைப் பற்றிக் கேட்கவே இல்லை நீங்கள். ஆனால் கம்பத்திலிருந்து வரும் டி.என்.பி. லைன் உங்கள் வீட்டில் எங்கே பிடித்திருக்கிறது என்று வெளியே போய்ப் பாருங்கள். பழைய வீடுகளில் முகப்புப் பலகையில் ஒரு இரும்புக் கொக்கியில் மாட்டியிருக்கும். காற்றில் பலகை பிய்ந்தால் லைன் தகரத்தின்மேல் உட்காரும். உறை உரிந்திருந்தால் மொத்தக் கூரையும், அதோடு சேர்ந்த தண்ணீர்ப் பீலியும், பீலியைத் தொடும் துணிக்கம்பியும் லைவ் ஆகும். இது மீட்டருக்கு முன்னால் இருக்கும் கரண்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தாலும் அது போகாது, இ.எல்.சி.பி.க்கும் தெரியாது.

காற்று ஓய்ந்ததும் நம் ஆட்கள் முதலில் செய்வது, தூறலிலேயே அலுமினிய ஏணியைச் சாய்த்து, பறந்த தகரத்தை ஆணியடிக்க ஏறுவது. வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் உதவ வந்தாலும் ஏற விடாதீர்கள். லைன் தொங்குகிறதா, தகரத்தைத் தொடுகிறதா என்று தூரத்திலிருந்து பார்த்து, சந்தேகம் இருந்தால் டி.என்.பி.யின் 15454-க்கு அழையுங்கள். அறுந்து தரையில் கிடக்கும் லைனிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். 'கரண்டு போய்விட்டது, இது செத்த லைன்' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். டி.என்.பி. தூரத்திலிருந்தே மறுபடி ஏற்றிப் பார்க்கும், அந்த நேரத்தில் அது உயிர் பெறும்.

இப்போதே செய்யக்கூடியது: தகரத்தில் ஆணிக்குப் பதில் ரப்பர் வாஷர் போட்ட ஸ்குரூ. காற்று தகரத்தை நடுவில் தூக்காது, ஓரத்திலும் முகட்டிலும்தான் தூக்கும். அங்கே ஒவ்வொரு மேட்டிலும், நடுவில் ஒன்று விட்டு ஒன்று. ஆனால் தகரத்தை மட்டும் இறுக்கிவிட்டுக் கீழே இருக்கும் மரச் சட்டத்தைக் கவனிக்காவிட்டால் அடுத்த காற்றில் சட்டத்தோடு போகும். கரையான் அரித்த சட்டத்தை மாற்றி, சுவரோடு இரும்புப் பட்டையால் கட்டச் சொல்லுங்கள். லைனை உரசும் ரம்புத்தான் கிளையை நீங்கள் வெட்டாதீர்கள், டி.என்.பி.யிடம் சொல்லுங்கள்.

தண்ணீர் ஏறும்போது

"தண்ணீர் வாசற்படி ஏறியதும் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தாமதம். தண்ணீர் கேட்டைத் தொடும்போதே, தரை காய்ந்திருக்கும்போதே அணைத்துவிடுங்கள். வரிசை இப்படி இருக்கட்டும்: பிளக்குகளைப் பிடுங்குவது, எம்.சி.பி.களை இறக்குவது, கடைசியாக மெயின். தரையில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கிறது, அதில் இறங்கித்தான் சுவிட்சுகள் இருக்கும் டி.பி. பெட்டிக்குப் போக வேண்டும் என்றால் போகாதீர்கள். ரப்பர் பூட்ஸ் போட்டாலும் வேண்டாம். 15454-க்கு அழைத்துக் கம்பத்தில் துண்டிக்கச் சொல்லிவிட்டு, மாமியாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நிவாரண மையத்துக்குக் கிளம்புங்கள். இன்சுலினைத் துணியில் சுற்றி, ஐஸ்கட்டி போட்ட சிறு பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள், ஐஸ்கட்டி நேராகப் பட்டு உறைந்துவிட்டால் அது பயன்படாது. எத்தனை நாள் வெளியே இருக்கலாம் என்பதைக் கிளினிக்கில் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

கேஸ் தோம்பு விஷயத்தில் ஒரு திருத்தம். நிரம்பிய தோம்பு கனமானது, அசையாது என்று எழுதியிருக்கிறீர்கள். 14 கிலோ தோம்பு கேஸோடு சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ. அது முழுதாக மூழ்கினால் தள்ளும் தண்ணீர் 35 கிலோவுக்கு வரும். அதாவது நிரம்பியதும் மிதக்கும், காலியானது இன்னும் வேகமாக மிதக்கும். மிதக்கும்போது சாய்ந்து, ரப்பர் டியூபை இழுத்துப் பிய்த்துவிடும். கேஸ் காற்றைவிடக் கனம், மேலே போகாது, தாழ்வான இடத்தில் தேங்கும். அதனால் ரெகுலேட்டரை அணைத்துக் கழற்றி, தோம்பின் வாயில் மூடி போட்டு, வெளியே தூணோடு நிமிர்த்தி இரண்டு இடத்தில் கட்டுங்கள். படுக்க வைக்க வேண்டாம். வெள்ளத்துக்குப் பிறகு ரப்பர் டியூபும் சேறு புகுந்த ரெகுலேட்டரும் கழுவி வைக்கும் சாமான்கள் அல்ல, தரச் சான்றான சிரிம் முத்திரை பார்த்துப் புதிதாக வாங்குங்கள்.

இரண்டு தலை வயர்

அக்காள் மகன் அன்பினால் செய்தது. ஆனால் மின்வேலை தெரிந்தவர்கள் இதைத் தற்கொலை வயர் என்றே சொல்வார்கள். ஒரு தலையை ஜெனரேட்டரில் சொருகியதும் மறு தலையின் பித்தளைக் கால்கள் மூன்றும் திறந்தவெளியில் நிற்கும், அவற்றில் 230 வோல்ட். இருட்டில், ஈரக்கையோடு, சாக்கெட்டைத் தேடிப் பிடித்துச் சொருகப்போவது நீங்கள்.

அதோடு முடியவில்லை. மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அந்தக் கரண்டு மீட்டர் வழியாக வெளியே போகும். தெரு முனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை வீட்டுக் கரண்டாகக் குறைப்பதற்கு வைத்தது. எதிர்ப்பக்கமாகக் கொடுத்தால் அதே விகிதத்தில் ஏற்றும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய டி.என்.பி. ஆளுக்கு அதுதான் கடைசி நாள். டி.என்.பி. கரண்டு திரும்பி வந்து ஜெனரேட்டரோடு மோதினால் ஜெனரேட்டர் வெடித்தாலும் ஆச்சரியமில்லை. 'நான் மறக்காமல் அணைப்பேன்' என்பீர்கள். நீங்கள் அணைப்பீர்கள், நீங்கள் இல்லாத நேரத்தில் பெரியவன் அணைப்பானா? வீட்டு வயரிங்கோடு ஜெனரேட்டரைச் சேர்க்க ஒரே முறை, சேஞ்ச்ஓவர் சுவிட்ச். அதை மாட்டினால் இரண்டு கரண்டும் ஒரே நேரத்தில் வீட்டைத் தொடவே முடியாது. அதுவும் பதிந்த குத்தகையாளர் வேலை.

அது இல்லாமலும் உங்கள் தேவைக்கு ஜெனரேட்டர் போதும். அந்த வயரின் ஒரு தலையை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் மூன்று கால் சாக்கெட் மாட்டச் சொல்லுங்கள். நல்ல எக்ஸ்டென்ஷன் வயர் கிடைத்துவிட்டது. ஐஸ்பெட்டி (ஃபிரிட்ஜ்), ஒரு விளக்கு, ஒரு ஃபேன், போன் சார்ஜர், இவற்றை நேராக அதில் சொருகுங்கள். வயர் 2.5 சதுர மி.மீ. இருக்கட்டும், சுருளை முழுதும் பிரித்துவிட்டு ஓட்டுங்கள், சுற்றியபடி ஓட்டினால் உள்ளே சூடேறி உருகும். ஐஸ்பெட்டி கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். அதை முதலில் ஓட விட்டு, பிறகு மற்றவற்றைச் சேருங்கள். மாமியாரின் மருந்துக்கு ஐஸ்பெட்டி நாள் முழுதும் ஓட வேண்டியதில்லை, கதவைத் திறக்காமல் சில மணிக்கு ஒருமுறை ஓட்டினால் குளிர் நிற்கும்.

குசினியில் வைத்து ஓட்டலாமா என்றால், கூடாது. ஜன்னல் எல்லாம் திறந்திருந்தாலும் கூடாது, ஐந்தடி என்னும் முன் தாழ்வாரத்திலும் கூடாது. பெட்ரோல் எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தலைவலி, வாந்தி, தூக்கம் என்று வந்து தூக்கத்திலேயே முடிந்துவிடும். 2020-இல் லூசியானாவில் லோரா ஹரிக்கேன் அடித்து ஓய்ந்தபின், கரண்டு இல்லாத வீடுகளில் ஜெனரேட்டர் ஓட்டிப் பலர் இப்படித்தான் இறந்தார்கள். வீட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் எதிர்ப்பக்கம் பார்க்க வையுங்கள். நனையாமல் இருக்க நாலு கால் நட்டு மேலே மட்டும் தகரம் போடுங்கள், பக்கம் நான்கும் திறந்திருக்கட்டும். அணைத்து ஆறவிட்டுத்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

வடிந்த பிறகு

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். நாள் கணக்கு இதற்குச் சரிவராது. சுவர் காய்ந்ததுபோல் தெரியும்போது சாக்கெட்டின் உள்ளே சேறு படிந்திருக்கும். காய்ந்த சேறு அடுத்த ஈரத்தில் மறுபடி கரண்டைக் கடத்தும், அதனால்தான் இரண்டு மாதம் கழித்தும் சில வீடுகளில் சாக்கெட் கருகுகிறது. மூழ்கிய சாக்கெட், சுவிட்ச், எம்.சி.பி., இ.எல்.சி.பி., எக்ஸ்டென்ஷன் போர்டு எதையும் வெயிலில் காயவைத்து மாட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். சுவருக்குள் ஓடும் வயரை உடனே பிடுங்க வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் வடிந்து, மெகர் எண் சரியாக வந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். சோதித்த பிறகே மெயினை ஏற்றுவது.

ஐஸ்பெட்டியின் கம்ப்ரசர் மூடி அடைத்த பொருள், தண்ணீர் புகாது. அதன் பக்கத்தில் இருக்கும் ரிலேயும் இணைப்புகளும் புகும். வாஷிங் மெஷின் மோட்டாரும் அப்படியே. கடைக்காரர் திறந்து, கழுவி, காயவைத்து, கசிவு பார்த்துத் தந்தால் பலதும் பிழைக்கும். 'போட்டுப் பார்ப்போம்' என்று நீங்கள் ஒருமுறை போட்டுவிட்டால் பிழைக்க இருந்ததும் போய்விடும். மூழ்கிய ரைஸ் குக்கரைப் பழுதுபார்ப்பதில் பொருளில்லை.

யார் கொடுப்பார்கள்

இடியாலும் வெள்ளத்தாலும் பழுதானதற்கு டி.என்.பி. பணம் தரும் என்று எண்ணி உட்கார வேண்டாம். மீட்டர் வரை அவர்கள் பொறுப்பு, மீட்டருக்குப் பின் வீட்டுக்காரர் பொறுப்பு. உங்களுக்கு உதவக்கூடியது காப்புறுதி, அதிலும் எந்த வகை என்பதுதான் விஷயம். அடிப்படைத் தீ காப்புறுதி தீயையும் இடியையும் ஏற்கும், வெள்ளத்தையும் காற்றையும் தனியாகச் சேர்த்திருந்தால்தான் ஏற்கும். வீட்டுரிமையாளர் பாலிசி என்று தனியாக இருப்பதில் வெள்ளமும் காற்றும் அடங்கும். அந்தப் பாலிசியைப் பிரித்துப் படித்தால் ஹரிக்கேன், சைக்ளோன், டைஃபூன் என்ற சொற்களையும் பார்ப்பீர்கள், நம் ஊர்த் தாளிலேயே. அது கட்டடத்துக்கு மட்டும். ஐஸ்பெட்டி, கட்டில், டி.வி.க்கு வீட்டுப் பொருள் பாலிசி வேறு. தண்ணீர் வடிந்ததும் சுவரில் தண்ணீர்க் கோடு தெரியப் படம் எடுங்கள், சாமான்களின் எண் பலகையையும் எடுங்கள், மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை எதையும் வீசாதீர்கள்.

கொழுந்தனார் இருப்பது நிர்வாகத்தின் வீடு. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் பொருந்தும். முதலாளி கொடுத்த வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை. "வயரிங் உங்கள் பொறுப்பு" என்று வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள். கோளாறை அவரும் எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொண்டு, சரியாகாவிட்டால் சிகாமட்டில் உள்ள தொழிலாளர் இலாகாவுக்குப் போகட்டும். ஆனால் அவராகவே வயரிங்கில் கை வைக்க வேண்டாம். பிறகு நிர்வாகம் அதையே காரணம் காட்டும்.

1,500 ரிங்கிட்

முதல் செலவு இ.எல்.சி.பி., கசிவு தேடுவது, எர்த். எர்த் ராடு வீட்டுக்கு வெளியே மண்ணில் இறங்கியிருக்கும், அதன் கிளாம்ப் பச்சைபிடித்து உதிர்ந்திருக்கிறதா பாருங்கள், மீட்டரில் 10 ஓமுக்குக் கீழே வரட்டும். இரண்டாவது, குசினியைத் தனி லைனாக்கி, 2023 வெள்ளக் கோட்டுக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டுகளை அதற்கு மேலே ஏற்றுவது. 2011 அளவுக்கே ஏற்ற முடிந்தால் இன்னும் நல்லது. இந்த இரண்டையும் ஒரே ஆளிடம், ஒரே வருகையில் முடித்தால் கூலி மிச்சம். மூன்றாவது, குசினித் தகரத்துக்கு ஸ்குரூவும் சட்டமும். கேஸ் டியூபுக்கும் அந்த வயரின் தலையை மாற்றுவதற்கும் ஆகும் சில்லறையை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

இடியில் பாயும் மிகைக் கரண்டை மண்ணுக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டர் நல்லதுதான், ஆனால் எர்த் சரியில்லாத வீட்டில் அது சும்மா தொங்கும். அதனால் அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம். அதுவரை வானம் கறுத்துக்கொண்டு வரும்போதே, முதல் இடிக்கு முன்பே, டி.வி., மோடம் பிளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள். ஆஸ்ட்ரோ டி.வி. பெட்டிக்குக் கூரையில் இருக்கும் டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும் பின்னாலிருந்து திருகிக் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் பிடுங்கியவர்கள் டி.வி.யை இழப்பது அந்தக் கேபிள் வழியாகத்தான்.